போலீஸ் கைது செய்தால்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். அங்கே வருகிறவர்களும், ராத்திரி போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை மனதில் வைத்து எழுதியது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. வக்கீல்கள் பி.என்.எஸ்.எஸ். என்பார்கள், இங்கே வெறுமனே பிரிவு எண் என்று வந்தால் அந்தச் சட்டத்தின் பிரிவுதான். கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள். வக்கீல் வந்து சேரும்வரைக்கும்தான் இது.

1. ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு, 'வந்துட்டுப் போங்க'ன்னாங்க. போகணுமா? போனா உள்ளே வச்சிருவாங்களா?

கூப்பிடுவது வேறு, கைது வேறு. முதலில் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க என்றால் 179-ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வமாக அழைக்க வேண்டும். உங்கள் மேலேயே சந்தேகம், ஆனால் இப்போதைக்குக் கைது தேவையில்லை என்றால் 35(3) நோட்டீஸ் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் யாரோ கொடுத்த மனுவை விசாரிப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் சி.எஸ்.ஆர். எண் என்ன என்று கேளுங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும்தான், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

35(3) நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். சொன்ன தேதியில் போய் ஒத்துழைக்கிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக 'வாட்ஸ்அப்ல வந்தா வர மாட்டேன்' என்று வீம்பு பிடிக்கச் சொல்ல மாட்டேன். 'நேரில் கொடுங்கள், வருகிறேன்' என்று பதில் போட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி விசாரணைக்கு மட்டும் இன்னொரு பாதுகாப்பு உண்டு. பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

2. 'சும்மா விசாரணைக்குத்தான்'னு கூட்டிட்டுப் போனாங்க. நேத்து காலையில போன மனுஷன் இன்னும் வரல. இது கைதா, இல்லையா?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். 'கைது' என்று யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒருவரால் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிலை எப்போது வந்ததோ, அப்போதே அவர் காவலில் இருக்கிறார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; அந்தக் கணக்கும் அங்கிருந்தே ஓட வேண்டும் என்று உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் பேப்பரில் வருவது வேறாக இருக்கும். நேற்றுக் காலை வீட்டில் இருந்து கூட்டிப்போனவரை 'இன்று மாலை 5 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றபோது கைது செய்தோம்' என்று எழுதியிருப்பார்கள். இடையில் போன அந்த ஒன்றரை நாளில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்கு என்று கூட்டிச்செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் 2025 ஜூனில் திருப்புவனம் அருகே போலீஸ் காவலில் இறந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனால் குடும்பத்தார் செய்ய வேண்டிய முதல் வேலை நேரத்தைப் பதிவு செய்வது. எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப்போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிர்க்கடை கேமராவில் பதிவு இருந்தால் அழிவதற்குள் வாங்கி வையுங்கள். அந்தக் காலத்து வக்கீல்கள் உடனே எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். நேரம் அதிலேயே அச்சாகிவிடும். 2013-இல் தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள். இப்போது மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்டும் அந்த வேலையைச் செய்யும். 'என் கணவரை இன்ன நேரத்தில் கூட்டிச் சென்றார்கள், இன்னும் விடவில்லை' என்ற ரெண்டு வரி போதும். நாளைக்குப் பேப்பரில் வேறு நேரம் வரும்போது இந்த ரெண்டு வரிதான் பேசும்.

3. எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க. நாங்க எங்க போய்த் தேடுறது?

தேடுவது உங்கள் வேலையாக இருக்கக் கூடாது. கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ எங்கே வைத்திருக்கிறோம் என்று உடனே தெரிவிப்பது போலீஸின் கடமை. யாருக்குச் சொன்னோம் என்று ஸ்டேஷன் பதிவேட்டிலும் எழுத வேண்டும். அதைச் செய்தார்களா என்று மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். இது 48-ஆவது பிரிவு. 37-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றம் ஆகியவை அங்கேயும் ஸ்டேஷனிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் 112-க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ போன் செய்து கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கேயும் பிடி கிடைக்கவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போடலாம். கைதானவரே போட வேண்டும் என்றில்லை. மனைவி, அண்ணன், நண்பர் யாரும் போடலாம். இப்படி மனு போகப் போகிறது என்று தெரிந்ததுமே ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவந்த சம்பவங்கள் நிறைய.

4. வாரன்ட் இருக்கான்னு கேட்டேன், 'அதெல்லாம் வேணாம், நட'ன்னாங்க. வாரன்ட் இல்லாம வர மாட்டேன்னு நிக்கலாமா?

நிற்காதீர்கள். திருட்டு, அடிதடியில் பலத்த காயம், மோசடி என்று போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்களில் வாரன்ட் தேவையில்லை. தள்ளுமுள்ளு செய்தால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கு வரும். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் அதோடு போகும்.

ஆனால் வாரன்ட் தேவையில்லை என்றால் இஷ்டப்படி கைது செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் அவசியம் என்பதை அதிகாரி எழுதிக் காட்ட வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்சநீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. மாஜிஸ்திரேட்டும் அந்தக் காரணங்களைப் பார்க்காமல் ரிமாண்ட் செய்யக் கூடாது, அதாவது காவலில் வைக்க உத்தரவிடக் கூடாது. புதிய சட்டத்தில் கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல்நலம் குன்றியவரையோ டி.எஸ்.பி. அளவிலான அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் இதை நினைவில் வையுங்கள்.

5. சரி, முறைப்படி கைதுன்னா என்னென்ன செஞ்சிருக்கணும்?

கைது செய்ய வருகிறவரின் பெயர் பார்த்ததும் தெரிய வேண்டும். மஃப்டியில் வந்தாலும் தன்னை யார் என்று காட்ட வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். அதில் வீட்டாரில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உரிமையையும் சொல்ல வேண்டும் என்பது 47-ஆவது பிரிவு. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் போட்ட கட்டளைகள்தான் மற்றவற்றுக்கு அடிப்படை. இப்போது 36-ஆவது பிரிவிலேயே இருக்கின்றன.

கைதுக்கான காரணம் தனி விஷயம். அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது உறுப்பே அதைச் சொல்கிறது. 'உன் மேல 420 கேஸ்' என்று பிரிவு எண்ணைச் சொல்வது காரணம் ஆகாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாத சூழல் என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. பேப்பரை நீட்டினால் படித்துவிட்டு, வாங்கிய நேரத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏன் என்பதற்கு 2-ஆவது பதிலைப் பாருங்கள்.

6. வக்கீல் வந்தாத்தான் பேசுவேன்னு சொல்லலாமா? சினிமால சொல்றாங்களே.

பாதி சரி. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3). உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பெயர், முகவரி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதில் வம்பு வேண்டாம். உண்மை கண்டறியும் சோதனைகளை ஒப்புதல் இல்லாமல் நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

வக்கீலைப் பொறுத்தவரை, விசாரணையின்போது அவரைச் சந்திக்க 38-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் விசாரணை முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க அல்ல. அதனால் 'வக்கீல் வரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன்' என்று வசனம் பேசுவதைவிட, 'என் வக்கீலைப் பார்க்க வேண்டும்' என்று நிதானமாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

7. வக்கீல் வைக்கிற வசதி எங்களுக்கு இல்லையே.

15100-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; தாலுகா அளவிலும் வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. 'சம்பளச் சான்றிதழ் கொண்டு வா' என்று யாராவது சொன்னால் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். முதல் முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இலவச வக்கீல் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் மட்டமாக வாதாடுவார் என்பது பரவலான நினைப்பு. நான் பார்த்தவர்களில் நல்லவர்களும் உண்டு, பேருக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. காசு வாங்கும் வக்கீல்களிலும் அப்படித்தான்.

8. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. இனிமே என்ன ஆகும்?

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாக நிற்காது. விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது 181-ஆவது பிரிவு. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதற்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதி மட்டும் சாட்சியமாகும். பல வழக்குகளில் 'புதைத்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார்' என்று வருவதன் சூட்சுமம் இதுதான். வெற்றுத் தாளில் பின்னால் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். அதனால் எத்தனை தாள், எங்கே கையெழுத்து என்பதை மாஜிஸ்திரேட்டிடம் முதல் நாளே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜாமீனில் வந்து ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

9. செல்போனைப் பிடுங்கிட்டாங்க. லாக்கை எடுத்து விடுங்கறாங்க.

விசாரணைக்குத் தேவை என்றால் போனைக் கைப்பற்றலாம். கைப்பற்றிய பொருளுக்கெல்லாம் பட்டியல் வேண்டும். சோதனை போடுவதையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. வக்கீலைக் கேட்காமல் திறக்க வேண்டாம் என்பது என் யோசனை.

10. அடிச்சாங்க. ஆனா டாக்டர்கிட்டயோ ஜட்ஜ்கிட்டயோ சொன்னா வெளியில வந்ததும் மறுபடி அடிப்போம்னு மிரட்டினாங்க. சொல்லணுமா?

சொல்லுங்கள். பயம் நியாயமானதுதான், அதை லேசாக எடுத்துக்கொண்டு எழுதவில்லை. ஆனால் அந்த மிரட்டலுக்குக் காரணமே, அந்த இரண்டு பேரிடம் சொன்னால்தான் பதிவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதுதான்.

கைதானதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது 53-ஆவது பிரிவு. காயங்களையும் அவை ஏற்பட்ட தோராயமான நேரத்தையும் டாக்டர் எழுத வேண்டும். அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். அந்த நகலைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது' என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்திருப்போம்! முதல் அறிக்கையில் காயம் பதிவாகவில்லை என்றால் பிறகு எல்லாமே வழுக்கி விழுந்ததாகிவிடும்.

அடுத்தது மாஜிஸ்திரேட். கைதானவரை நேரில் பார்த்து, காயம் இருக்கிறதா, அடித்தார்களா என்று அவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்த தந்தையும் மகனும் இறந்தபோது, ரிமாண்ட் செய்தவர் அவர்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ரிமாண்ட் என்பது முத்திரை குத்தும் வேலை இல்லை என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எல்லா ஸ்டேஷன்களிலும் லாக்கப், வராண்டா, வாசல் எல்லாம் தெரியும்படி சி.சி.டி.வி. வைக்க வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி வக்கீல் மூலம் உடனே மனுக் கொடுங்கள். மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் எழுத வேண்டும்.

11. கைவிலங்கு மாட்டி எங்க தெரு வழியா நடத்திக் கூட்டிட்டுப் போகலாமா?

எல்லோருக்கும் மாட்ட முடியாது. கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற குற்றங்கள், பலமுறை குற்றம் செய்தவர்கள், காவலில் இருந்து தப்பியவர்கள் என்று 43(3) ஒரு பட்டியல் தருகிறது. அதிலும் குற்றத்தின் தன்மையைப் பார்த்துத்தான். அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும் என்று ஊர்வலம் விடச் சட்டத்தில் இடமே இல்லை.

12. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவைக் கைது பண்ண வந்திருக்காங்க. லேடீஸை ராத்திரியில பிடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில், பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிச் செய்யலாம். எனவே அனுமதி உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் 2025-இல் மதுரைக் கிளை, இந்த விதியை மீறினார்கள் என்பதற்காக மட்டும் கைது தானாகச் செல்லாமல் போய்விடாது, ஆனால் அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே 'ராத்திரியில் தொட முடியாது' என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். பெண்ணைச் சோதனை போடுவது பெண் மட்டுமே. மருத்துவப் பரிசோதனையும் பெண் டாக்டர்தான், அல்லது அவர் மேற்பார்வையில்.

13. பையனுக்குப் பதினேழு வயசுதான். லாக்கப்புல வச்சிருக்காங்க.

18 நிறையாத யாரையும் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. குற்றம் எவ்வளவு பெரியதானாலும் சரி. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள், 1098-க்கும் சொல்லுங்கள். 'பத்தொன்பது' என்று முதல் பேப்பரில் ஏறிவிட்டால் திருத்துவதற்குள் நாட்கள் போய்விடும்.

14. சனிக்கிழமை பிடிச்சாங்க. ஞாயிறு கோர்ட் லீவு, திங்கள் பொங்கல். அப்ப 24 மணி நேரம் எப்படி?

லீவுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

15. ரிமாண்ட் ஆயிட்டார்னா தண்டனை குடுத்துட்டாங்கன்னு அர்த்தமா? ஜாமீன் எப்ப?

ரிமாண்ட் தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை காவல். நீதிமன்றக் காவல் என்றால் ஜெயில். போலீஸ் காவல் என்றால் விசாரணைக்காக மறுபடி போலீஸிடம் கொடுப்பது. போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். முன்பு முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். இப்போது வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்தும் கேட்கலாம். ஜெயிலுக்குப் போயாச்சு, இனி போலீஸ் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையைச் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற குற்றங்களில் கோர்ட் முடிவு. அதிலும் 60 நாளுக்குள் (தூக்கு, ஆயுள், பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில் 90 நாளுக்குள்) குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமை தானாக வந்துவிடும். ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் தாமதித்து அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கை நழுவிவிடும். 61-ஆவது நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

16. மறியலுக்குப் போனோம். கல்யாண மண்டபத்துல வச்சு, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுட்டாங்க. அது கைதா? நாளைக்கு அரசு வேலைக்குச் சிக்கலாகுமா?

பொதுவாக இது 170-ஆவது பிரிவின்படியான முன்னெச்சரிக்கைக் கைது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. புதிதாக வந்திருக்கும் 172-ஆவது பிரிவும் போலீஸ் உத்தரவுக்குக் கட்டுப்படாதவரை அப்புறப்படுத்திப் பிடித்து வைக்க அதிகாரம் தருகிறது. மண்டபத்தோடு முடிந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சில சமயம் சட்டவிரோதமாகக் கூடியதாக எஃப்.ஐ.ஆரும் போட்டிருப்பார்கள், சம்மன் வரும்போதுதான் தெரியும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடிப் பார்க்கலாம். வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும்.

17. குண்டாஸ் போட்டுட்டாங்க. மேலே சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். செய்த குற்றத்துக்கு அல்லாமல், இனிச் செய்யாமல் தடுக்க என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடும் உத்தரவு அது. அதிகபட்சம் 12 மாதம். 24 மணி நேர விதியும் வக்கீல் உரிமையும் தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்று அரசமைப்புச் சட்டமே 22(3)-இல் விலக்கு வைத்திருக்கிறது. அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன்பும் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. வக்கீல் அல்லாத நண்பரின் உதவியைக் கேட்கலாம்.

ஆனாலும் ஆட்கொணர்வு மனுவில் இந்த உத்தரவுகள் ஏராளமாக உடைகின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் பேப்பர்தான். ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தர வேண்டும். நகல் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலோ, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்க்காமல் கொடுத்திருந்தாலோ, அவர் அனுப்பிய முறையீட்டை அரசு காரணமில்லாமல் நாள்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தாலோ உத்தரவு நிற்காது. ஜெயிலில் அவரைப் பார்க்கப் போகும்போது, அவருக்குக் கொடுத்த ஆவணக் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தெரியவில்லை, எது தமிழில் இல்லை, முறையீடு எந்தத் தேதியில் போனது என்று குறித்து வாங்கி வக்கீலிடம் கொடுங்கள்.